பத்துமலைக்குப் போகிறீர்களா? கோயிலோடு குகையையும் பாருங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டால் எனக்கு வரும் அழைப்புகளில் பாதி பத்துமலையைப் பற்றித்தான். தமிழ்நாட்டிலிருந்து சித்தி வருகிறார், ஜோகூரிலிருந்து மாமா குடும்பம் வருகிறது, எப்போது போனால் கூட்டம் இருக்காது, பாட்டியால் ஏற முடியுமா, குரங்கு கடிக்குமா என்று ஆளுக்கொரு கேள்வி. நான் கோலாலம்பூரில் பிறந்து வளர்ந்தவள். எனக்கு முதல் மொட்டை போட்டதே அந்த மலையடிவாரத்தில்தான். ஆனாலும் அது ஒரு சுண்ணாம்புக்கல் குகை என்று நின்று நிதானமாகப் பார்க்கத் தொடங்கியது முப்பது வயதுக்கு மேல்தான். அதிலிருந்து உறவுக்காரர்களைக் கூட்டிப் போகும்போதெல்லாம் சாமி கும்பிட்டபின் அரை மணி நேரமாவது கல்லைப் பார்க்க வைக்கிறேன். அவர்கள் கேட்டதையும் நான் சொன்னதையும் இங்கே ஒன்றாக எழுதி வைக்கிறேன்.

சின்ன வயதிலிருந்து போய்க்கொண்டிருக்கிறோம். புதிதாகப் பார்க்க என்ன இருக்கிறது?

தலைக்கு மேலே இருப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? நம்மில் பலர் பத்துமலைக்குப் போவது தைப்பூசத்தன்று. அன்றைக்கு முன்னால் போகிறவரின் முதுகும் காவடியும்தான் கண்ணில் படும். பால்குடம் சிந்தாமல் மேலே போய்ச் சேர்ந்தால் போதும் என்றிருக்கும். அந்த நெரிசலில் அண்ணாந்து பார்க்க யாருக்கு முடியும்?

சாதாரண நாளில் போய், படி முடிந்து உள்ளே நுழைந்ததும் ஓரமாக நின்று மேலே பாருங்கள். கூரை சுமார் 100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து கல் விழுதுவிழுதாகத் தொங்குகிறது. இன்னும் உள்ளே போய், வள்ளி தெய்வானை சந்நிதி இருக்கும் பகுதிக்கு ஏறினால் கூரையே இல்லை. மேலே வட்டமாக வானம் தெரியும். அந்தத் திறப்பின் விளிம்பில் மரங்கள் நிற்கின்றன, வேர்களும் கொடிகளும் பாறையைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்குகின்றன. வெயில் ஏறிய நேரத்தில் வெளிச்சம் ஒரு பக்கச் சுவரில் மட்டும் விழும், மற்ற பக்கம் பச்சையும் கறுப்புமாக ஈரத்தோடு கிடக்கும்.

போன முறை என் மகன் அங்கே ஒரு கல்விழுதின் நுனியைப் பார்த்துக்கொண்டு நின்றான். நுனியில் ஒரு துளி தண்ணீர் மெல்லப் பருத்து, கொஞ்ச நேரம் ஆடாமல் நின்று, பிறகு விழுந்தது. அடுத்த துளி வரும்வரை எண்ணினான். முப்பத்தெட்டு. மறுபடி எண்ணினான். நாற்பத்தொன்று. அவனை அங்கிருந்து நகர்த்தப் பெரும்பாடு பட்டேன்.

'பத்துமலை' என்றால் பத்து மலைகளா?

'பத்து' என்பது கல்லைக் குறிக்கும் மலாய்ச் சொல். மலைக்குப் பக்கத்தில் ஓடும் சுங்கை பத்து ஆற்றிலிருந்து இடத்துக்குப் பெயர் வந்தது. நம் ஆட்கள் அதோடு 'மலை'யைச் சேர்த்துக்கொண்டார்கள்.

எங்கள் பெரியம்மா சொல்லும் கணக்கு வேறு. தமிழ்நாட்டில் அறுபடை வீடு ஆறு, மலேசியாவில் ஈப்போ கல்லுமலை, பினாங்கு தண்ணீர்மலை, மலாக்கா சன்னாசிமலை மூன்று, அப்புறம் இது பத்தாவது மலை. பெயர் வந்த வழி அதுவல்ல என்றாலும், இந்த ஊர்த் தமிழர்கள் தங்கள் முருகன்களை ஒரே வரிசையில் வைத்து எண்ணிய அழகு எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

இவ்வளவு பெரிய குகை எப்படி உண்டானது?

இந்தக் கல்லுக்கு ஏறக்குறைய 40 கோடி வயது என்கிறார்கள். அப்போது இந்த இடம் ஆழமில்லாத வெதுவெதுப்பான கடல். அதில் வாழ்ந்த உயிர்களின் ஓடுகளும் கூடுகளும் அடியில் படிந்து படிந்து, மேலே விழுந்த கனத்தில் இறுகிக் கல்லாயின. பிறகு பூமியின் உள்வெப்பத்திலும் அழுத்தத்திலும் அந்தக் கல்லின் பெரும்பகுதி பளிங்காகவே மாறிவிட்டது. கோலாலம்பூர் நகரத்தின் பல பகுதிகளுக்கு அடியிலும் இதே கல் ஓடுகிறது.

சரி, கல்லுக்குள் ஓட்டை எப்படி? மழைத்தண்ணீர் மண்ணுக்குள் இறங்கும்போது அங்கிருக்கும் கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு லேசான அமிலமாகிறது. மற்ற பாறையை அது பெரிதாக ஒன்றும் செய்யாது. சுண்ணாம்புக்கல்லையோ கரைக்கும். முதலில் ஒரு கீறல், பிறகு விரல் நுழையும் சந்து, பிறகு ஆள் நுழையும் வழி என்று லட்சக்கணக்கான ஆண்டுகளில் மலைக்குள்ளே மண்டபம் உண்டாகிவிடுகிறது. அப்படிக் கரைத்து எடுத்துக்கொண்டு வந்த தண்ணீர் கூரையில் கசியும்போது வாயு வெளியேறிவிடும். சுண்ணாம்பு அங்கேயே ஒட்டிக்கொள்ளும். துளித்துளியாகச் சேர்ந்து மேலே விழுது வளர்கிறது. கீழே விழுந்த துளியிலிருந்து தரையில் முளை எழுகிறது. இரண்டும் வளர்ந்து சேர்ந்தால் தூண்.

இதைச் சித்திக்கு விளக்க நான் திணறிக்கொண்டிருந்தபோது அவரே சொன்னார்: "எங்க ஊர் போர் தண்ணியைக் காய்ச்சினா பானை அடியில வெள்ளையா ஒட்டிக்குமே, சுரண்டினாலும் போகாதே, அதுதானே இது?" அதேதான். வேதிப்பெயர்கூட ஒன்றுதான், கால்சியம் கார்பனேட். வெற்றிலையில் தடவும் சுண்ணாம்பும் இப்படிப்பட்ட கல்லையோ கிளிஞ்சலையோ சுட்டு எடுப்பதுதான்.

முருகன் கோயில் வருவதற்கு முன்னால் இங்கே யார் இருந்தார்கள்?

இந்த மண்ணின் பூர்வகுடிகளான தெமுவான் மக்கள் குகை வாயில்களைத் தங்குமிடமாகப் பயன்படுத்தினார்கள். 1860களில் சீனக் குடியேறிகள் காய்கறித் தோட்டத்துக்கு உரமாகப் போட வௌவால் எச்சத்தை இங்கிருந்து தோண்டிக்கொண்டு போனார்கள். 1878-இல் வில்லியம் ஹார்னடே என்ற அமெரிக்க இயற்கையியலாளர் வந்து பார்த்து எழுதிய பிறகு வெளியுலகம் இதை அறிந்தது. அவர் 'கண்டுபிடித்தார்' என்று சில இடங்களில் எழுதுகிறார்கள். அந்தச் சொல் எனக்கு ஒப்பவில்லை. அவருக்கு வெகு காலம் முன்பே தெமுவான் மக்களுக்கு இது தெரிந்த இடம்.

கோயிலைத் தொடங்கியது யார்?

காயாரோகணம் தம்புசாமிப் பிள்ளை. சிங்கப்பூரில் பிறந்து, கோலாலம்பூரில் ஈயச் சுரங்கத் தொழிலில் பெரிய ஆளாக உயர்ந்தவர். நகரத்துக்குள் இருக்கும் ஸ்ரீ மகாமாரியம்மன் கோயிலை 1873-இல் நிறுவியவரும் அவர்தான். குகையின் வாயில் வேல் போலத் தெரிந்ததால் இங்கே முருகனை வைக்கத் தோன்றியது என்று சொல்வார்கள். 1890-இல் மேல் குகையில் முருகன் சிலை வைக்கப்பட்டது. 1892 முதல் தைப்பூசம் நடக்கிறது.

அந்தக் காலத்தில் படி கிடையாது என்பதை நினைத்துப் பாருங்கள். மரப்படியே 1920-இல்தான் வந்தது. அதுவரை கல்லையும் வேரையும் பிடித்து ஏறியிருக்கிறார்கள். காவடியோடு ஏறியிருக்கிறார்கள், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டும் ஏறியிருக்கிறார்கள். இப்போதிருக்கும் 272 சிமெண்டுப் படிகள் பிறகு வந்தவை. நாம் பார்க்கும் வானவில் வண்ணம் 2018-இல் அடித்தது. 42.7 மீட்டர் உயர முருகன் சிலை 2006 ஜனவரியில் திறக்கப்பட்டது. அதற்கு மட்டும் 300 லிட்டர் பொன்வண்ணச் சாயம் தேவைப்பட்டதாம்.

பாட்டியால் ஏற முடியுமா?

அவர் முட்டியைக் கேளுங்கள். 272 படி என்பது சாதாரணமாக 15 நிமிட ஏற்றம். ஆனால் படிகள் செங்குத்தானவை, பாதம் முழுவதும் வைக்க இடம் பற்றாது. பெரியவர்களுக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் சிரமம். எங்கள் பெரியம்மா அறுபத்தேழு வயதில் ஏறினார். ஒவ்வொரு சமதளத்திலும் நின்று, தண்ணீர் குடித்து, முருகா என்று சொல்லி, நாற்பது நிமிடத்தில் மேலே வந்தார். இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டாகக் கால் வைக்கச் சொன்னேன். அப்படி இறங்கினால் முட்டிக்கு நல்லது.

இதயக் கோளாறு, தலைசுற்றல், மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களைப் பிள்ளைகளுக்காக வற்புறுத்தி ஏற்றாதீர்கள். மேலே ஏறிவிட்டால் குகைக்குள்ளும் இறங்கி ஏற வேண்டிய படிகள் இருக்கின்றன. கீழேயே சந்நிதிகள் உண்டு, ராமாயணக் குகையும் தரைமட்டத்தில் இருக்கிறது. அவருக்குத் துணையாக ஒருவர் கீழே உட்காரட்டும், மற்றவர்கள் ஏறி வந்தபின் இடம் மாறிக்கொள்ளலாம். நாங்கள் அப்படித்தான் செய்கிறோம்.

எந்த நாள், எந்த நேரம்?

வேலை நாள், காலை 8 மணிக்குள். 10 மணிக்கு மேல் சுற்றுலாப் பேருந்துகள் வந்துவிடும், படியும் வெயிலில் கொதிக்கும். பிற்பகலில் கோலாலம்பூர் மழை எப்படி என்று உங்களுக்கே தெரியும்.

ஒரு விஷயம்: முந்தின இரவு நல்ல மழை பெய்திருந்தால் மறுநாள் காலை கட்டாயம் போங்கள். குகை உயிரோடு இருப்பது அன்றைக்குத்தான் தெரியும். கூரையிலிருந்து பல இடங்களில் தண்ணீர் சொட்டும், சுவர் பளபளக்கும், உள்ளே காற்று சில்லென்று இருக்கும். தரை வழுக்கும், அதனால் சிலிப்பர் வேண்டாம், பிடிமானமுள்ள காலணி போடுங்கள்.

தைப்பூசத்துக்கும் அதையொட்டிய நாட்களுக்கும் நான் சொல்லும் எதுவும் பொருந்தாது. அப்போது சாமிக்காக மட்டும் போங்கள்.

எப்படிப் போவது?

கே.எல். சென்ட்ரலில் கொமுட்டர் ரயில் ஏறினால் அரை மணி நேரம் போல ஆகும். பத்துமலை நிலையம்தான் கடைசி. இறங்கினால் கோயில் வளாகத்துக்கு நடந்தே போய்விடலாம். காரில் போனால் வார இறுதியில் நிறுத்த இடம் தேடியே பொழுது போய்விடும்.

என்ன உடுத்துவது?

முட்டிக்குக் கீழே இறங்கும் உடை. குட்டைக் காற்சட்டையில் வரும் பெண்களைப் படியடியில் நிறுத்தி இடுப்பில் சுற்றிக்கொள்ளத் துணி வாடகைக்கு எடுக்கச் சொல்வார்கள். ஆண்களும் அடக்கமாக உடுத்தி வருவது மரியாதை.

குரங்குகள் தொல்லை தருமா?

தரும். நீளவால் குரங்குகள், படியெங்கும் இருக்கும். பிளாஸ்டிக் பையின் சரசரப்புக் கேட்டாலே உள்ளே சாப்பாடு என்று அவற்றுக்குத் தெரியும். அத்தை ஒரு முறை தேங்காய், பழம், பூ எல்லாவற்றையும் சிவப்புப் பையில் போட்டுக் கையில் பிடித்தபடி ஏறினார். பாதி வழியில் பை குரங்கிடம், காது மட்டும் அத்தை கையில். பழத்தை உரித்துத் தின்றுவிட்டுப் பூவைப் படியில் உதறியது. அத்தைக்கு அழுகையே வந்துவிட்டது.

பூசைப் பொருள்களைத் துணிப்பையில் போட்டு முன்பக்கம் அணைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி, கைப்பேசி, தண்ணீர் போத்தல் எல்லாம் உள்ளே. குரங்கு ஒன்றைப் பிடித்துவிட்டால் விட்டுவிடுங்கள், இழுத்துப் பறிக்கப் போனால் கடிக்கும். கடித்தாலோ பிறாண்டினாலோ சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவிவிட்டு அன்றைக்கே கிளினிக்குக்குப் போக வேண்டும்.

அப்புறம், தயவுசெய்து ஊட்டாதீர்கள். படமெடுக்க ஒருவர் நீட்டும் பிஸ்கட்தான் அடுத்தவர் பையைப் பறிக்கக் கற்றுத் தருகிறது.

இருட்டுக் குகைக்குள் போகலாமா?

படியில் மேலே போய்ச் சேர்வதற்குக் கொஞ்சம் முன்னால் பக்கவாட்டில் அதன் வழி பிரிகிறது. முன்பு வழிகாட்டியோடு உள்ளே அழைத்துப் போவார்கள். 2019-இல் அந்தச் சுற்று மூடப்பட்டது. திறந்திருக்கிறதா என்று அங்கேயே கேட்டுப் பாருங்கள். மூடியிருந்தால் வேலி தாண்டிப் போகவே கூடாது. உள்ளே சுமார் 2 கிலோமீட்டர் வழிகள் இருக்கின்றன, விளக்கு இல்லை. வழி தவறினால் ஆபத்து உங்களுக்கு மட்டுமில்லை.

அங்கே இருக்கிற உயிர்களைச் சொல்கிறேன். ஒரு சிலந்தி இருக்கிறது, அதன் அறிவியல் பெயரிலேயே 'பத்து' உண்டு: லிபிஸ்டியஸ் பத்துவென்சிஸ். 1923-இல் விவரித்துப் பெயர் வைத்தார்கள். குகைச் சுவரில் பட்டு நூலால் குழாய் போலக் கூடு கட்டி, வாயிலில் ஒரு கதவு வைக்கும். கதவிலிருந்து சில நூல்களை வெளியே நீட்டி வைத்திருக்கும். பூச்சி ஒன்று நூலை மிதித்தால் உள்ளே இருக்கும் சிலந்திக்கு அதிர்வு போய்ச் சேரும், கதவைத் தள்ளிக்கொண்டு பாய்ந்து பிடிக்கும். இதன் குலம் 30 கோடி ஆண்டுக்கும் பழையது. மற்ற சிலந்திகளின் வயிறு ஒரே உருண்டையாக இருக்கும். இதன் வயிற்றில் இன்னும் பழங்கால வளையத் தகடுகள் இருக்கின்றன.

வௌவால்களும் இருக்கின்றன. அதில் ஒரு வகை பூந்தேன் குடிப்பது. டுரியான் பூ இரவில்தான் விரியும், அதற்கு மகரந்தம் சேர்ப்பதில் பெரிய பங்கு இந்த வௌவாலுக்கு உண்டு. நாம் சமைக்கும் பெத்தாய்க் காய் மரத்தின் பூவுக்கும் அப்படியே. இரவில் பல கிலோமீட்டர் தள்ளி இருக்கும் கடற்கரைச் சதுப்புக்காடுவரை பறந்து போய்த் தேன் குடித்துவிட்டு விடியுமுன் திரும்பிவிடும். "வௌவால் நாற்றம்" என்று மூக்கைப் பொத்தும் பிள்ளைகளிடம் டுரியான் கதையைச் சொல்லிப் பாருங்கள். என் வீட்டில் அதற்குப் பிறகு யாரும் மூக்கைப் பொத்துவதில்லை.

எச்சத்தை உண்டு கரப்பானும் சிறுபூச்சிகளும் வாழ்கின்றன, அவற்றைச் சிலந்தி பிடிக்கிறது. வெயிலே படாத இடத்தில் இத்தனை உயிருக்கும் சோறு போடுவது வௌவால்தான். பகலில் நாம் கூச்சல் போட்டால் அவை கலைந்து பறக்கும், கலைந்தால் இருப்பிடத்தையே விட்டுப் போகலாம்.

பிள்ளைகள் கல்லைத் தொட்டுப் பார்க்கலாமா?

தண்ணீர் சொட்டிக்கொண்டிருக்கும் விழுதையும் முளையையும் தொட வேண்டாம். நம் விரலின் எண்ணெய் ஒட்டினால் அந்த இடத்தில் சுண்ணாம்பு படிவது கெடும். ஒரு மில்லிமீட்டர் வளரவே பல ஆண்டுகள் ஆகும் கல் அது. வெளியில் காய்ந்து கிடக்கும் பாறையைத் தாராளமாகத் தொடட்டும். பேர் எழுதுவது, சாவியால் கீறுவது, திருநீறு குங்குமத்தைச் சுவரில் துடைப்பது எதுவும் கூடாது. கடைசியாகச் சொன்னதைச் செய்கிறவர்கள் வெளிநாட்டுப் பயணிகள் இல்லை, நாம்தான். சாமி இருக்கும் கல் என்று நம்புகிறோம், அப்படியானால் அதைத் துடைப்பான் ஆக்கலாமா?

கல் பெயர்ந்து விழுமா?

சுண்ணாம்பு மலைகளில் அந்த ஆபத்து உண்டு. 1973 அக்டோபரில் ஈப்போ குனோங் செரோவில் பாறை சரிந்து அடிவாரத்து வரிசை வீடுகளில் இருந்த சுமார் 40 பேர் இறந்துபோனார்கள். பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. பலத்த மழைக்குப் பிறகு செங்குத்துப் பாறைச் சுவருக்கு நேர் அடியில் உட்கார்ந்து சாப்பிடாதீர்கள், தடுப்புக் கட்டியிருந்தால் தாண்டாதீர்கள். அவ்வளவுதான்.

ராமாயணக் குகைக்குத் தனியாகக் கட்டணம் கொடுத்துப் போக வேண்டுமா?

சின்னப் பிள்ளைகள் இருந்தால் போகலாம். வாயிலில் சுமார் 15 மீட்டர் உயர அனுமார் நிற்கிறார். உள்ளே ராமாயணக் காட்சிகள், படுத்திருக்கும் கும்பகர்ணன் பெரிய உருவம். என் மகனுக்கு அவனை எழுப்ப முயலும் வீரர்களைப் பார்த்து ஒரே சிரிப்பு. கல்லைப் பார்க்கிறவர்களுக்கு வண்ண விளக்குகள் கொஞ்சம் இடைஞ்சல். விளக்கு எட்டாத மூலைகளில் குகை தன் சொந்த நிறத்தில் இருக்கிறது, அங்கே பாருங்கள்.

பினாங்கு தண்ணீர்மலையும் குகையா?

இல்லை. அது கருங்கல் மலை, மழைத்தண்ணீர் இப்படிக் குடைய முடியாது. 513 படி ஏறினால் குகைக்குப் பதில் ஜார்ஜ் டவுன் தெரியும்.

இன்னும் இரண்டு நாள் விடுமுறை இருக்கிறது. நாட்டுப்புறமாக வேறு குகை பார்க்கலாமா?

வடக்கே ஈப்போ பக்கம் போங்கள். கிந்தா பள்ளத்தாக்கு முழுவதும் சுண்ணாம்பு மலைகள்தான். நெடுஞ்சாலையில் போகும்போதே கோப்பெங் வந்ததும் அவை எழுந்து நிற்பது தெரியும். அங்கே குவா தெம்புருங் இருக்கிறது. 3 கிலோமீட்டருக்கு மேல் நீளம், உள்ளே ஆறு ஓடுகிறது, ஒரு காலத்தில் ஈயம் எடுத்த இடம். 1997-இல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். நடைபாதையில் உலர்ந்தபடி போய் வருவது ஒரு வகை, ஆற்றில் இறங்கித் தவழ்ந்து போவது இன்னொரு வகை. தாத்தா பாட்டியோடு போனால் முதலாவது. மழை பெய்தால் ஆற்றுவழியை மூடிவிடுவார்கள், கிளம்புமுன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

இரவு ஈப்போவில் தங்கி, காலையில் கல்லுமலை முருகனைக் கும்பிடலாம். அதுவும் சுண்ணாம்பு மலையை ஒட்டிய கோயில்தான். பழமையில் ஆர்வம் இருந்தால் இன்னும் வடக்கே லெங்கோங் பள்ளத்தாக்கு. அங்கே ஒரு குகையில் 1991-இல் தோண்டியெடுத்த மனித எலும்புக்கூட்டுக்குச் சுமார் 10,000 வயது. 'பேராக் மனிதன்' என்று பெயர். அந்தப் பள்ளத்தாக்கு 2012-இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது.

பையில் ஆளுக்கொரு டார்ச், மாற்றுச் சட்டை, ஒரு துண்டு இருக்கட்டும். டார்ச்சைப் பத்துமலைக்கும் எடுத்துப் போங்கள். உள்மண்டபத்துச் சுவரின் மேல்பகுதியில் அடித்துப் பார்த்தால், பாறையில் தண்ணீர் வழிந்து திரைச்சீலை மடிப்பு மாதிரி இறங்கியிருப்பது தெரியும். இத்தனை வருடம் அதன் கீழே நின்று கும்பிட்டும் நான் பார்க்காமல் விட்டது அது.